காலி இருக்கைக்குக் காய்ச்சல்

"திருட்டு மேடம்! பட்டப்பகல் திருட்டு. விமானத்துல இருக்கையைத் திருடறாங்க!"

இயக்குநர் மேசையை ஓங்கித் தட்டியதில் பேனா டப்பா கவிழ்ந்தது. மாப்பிள்ளை குனிந்து பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஸ்பானர் போட்டுக் கழட்டறாங்களா சார்?"

இயக்குநர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கேட்டார். "இவர் யாரு?"

"என் உதவியாளர். என் பொண்ணைக் கட்டினவர்" என்றார் அத்தை. "வாய் கொஞ்சம் நீளம். கண்ணு அதைவிட நீளம். அதுக்காகத்தான் வாயைப் பொறுத்துக்கறேன்."

அரசாங்கத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் அத்தை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்கி, டிராவல்ஸ் வேலை பறிபோய் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் மட்டும் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. "மாப்பிள்ளை, அந்தச் சாக்கடைக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்" என்பார். எட்டிப் பார் என்று சொன்னதே கிடையாது.

"விவரமாச் சொல்லுங்க சார்" என்றார் அத்தை.

இயக்குநர் நடத்துவது அகதிகள் மீள்குடியேற்றத் துறை. முகாமில் வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களை, ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த நாட்டுக்கு அனுப்பிவைப்பது வேலை. முகாமிலிருந்து, அலுவலகத்தை ஒட்டிய இந்த விடுதிக்குக் கூட்டி வந்து, மருத்துவப் பரிசோதனை செய்து, விரல்ரேகை சரிபார்த்து, வெளியேறும் அனுமதி வாங்கி, பஸ்ஸில் ஏற்றி விமான நிலையத்தில் விட வேண்டும்.

"ஒருத்தரை விமானத்துல ஏத்த எத்தனை மேசை தாண்டணும் தெரியுமா மேடம்? ஆனா இறக்கிவிட ஒரு தும்மல் போதும்" என்றார் இயக்குநர். "முதல்ல, பெண்கள் பகுதியில ஒரு தையல்காரம்மா. கிளம்பற அன்னைக்குக் காலையில திடீர்னு காய்ச்சல். இருக்கை காலியாப் போச்சு. அடுத்த விமானத்துக்கு ஆண்கள் பகுதியில ஒரு எலக்ட்ரீஷியன். கிளம்பற அன்னைக்கு அவன் கட்டைவிரல் ரேகை மெஷின்ல விழலை. அதுவும் காலி. இன்னைக்குக் கடைசி விமானம். இதோட அந்த நாடு கதவைச் சாத்துது. போகாதவங்க திரும்ப முகாமுக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் மறுபடி இடம் போட்டோம். காலையில எழுந்து பாத்தா, அதே அம்மாவுக்கு அதே காய்ச்சல். அதே ஆளுக்கு அதே விரல்!"

"வாடிக்கைக் காய்ச்சல்" என்றார் மாப்பிள்ளை.

"ஏதோ ஒரு புரோக்கர் கும்பல் இவங்களை வளைச்சுப் போட்டு, காலி இருக்கையில வேற ஆளை ஏத்தப் பாக்குது."

"ஏத்தினாங்களா?" என்று கேட்டார் அத்தை.

"இல்ல. ரெண்டு தடவையும் காலியாத்தான் போச்சு."

"அப்ப, திருடினவன் திருடினதை எடுத்துட்டுப் போகலை."

"அதான் மேடம் மர்மம்!" என்றார் இயக்குநர் பெருமையாக.

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்கும்போது செய்கிற காரியம் அது.

"அந்த ரெண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் கிடையாது. ரெண்டும் ஒண்டிக்கட்டை ஃபைல். ஒண்ணைப் பாக்கறது கிழக்குப் பக்கத்துப் பிரிவு, இன்னொண்ணு மேற்கு. ஒண்டிக்கட்டைன்னா எங்களுக்கு நிம்மதி மேடம். குடும்பம்னா, நடுவுல ஒரு பிள்ளை பொறந்துச்சு, ஒரு கல்யாணம் ஆச்சுன்னா ஃபைல் திரும்ப முதல் மேசையில இருந்து ஆரம்பிக்கணும்."

"எனக்கும் கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாமே முதல்ல இருந்துதான் ஆரம்பிச்சுது சார்" என்றார் மாப்பிள்ளை. அத்தை திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை பேனாக்களை அடுக்கத் தொடங்கினார். முந்தாநாள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தானே பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று அக்கக்காகக் கழற்றிப் போட்டதிலிருந்து, அவர் மனைவி அவரோடு பேசுவதில்லை. அது அத்தைக்கும் தெரியும்.

"யார் என்னைக்குப் போறாங்கங்கற தகவல் வெளிய கசியுதோ?" என்று கேட்டார் அத்தை.

"சான்ஸே இல்ல. அது நான் கொண்டுவந்த சீர்திருத்தம்!" இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னாடியெல்லாம் பேரை மைக்குல வாசிப்போம். இப்ப முதல்நாள் சாயங்காலம் வார்டன் ஒவ்வொருத்தரையா தனி அறைக்குக் கூப்பிட்டு, உனக்கு நாளைக்குப் பயணம்னு சொல்லுவாங்க. அவங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. விட்டா பயணம் ரத்து. பஸ்ல ஏறி உக்காந்த பிறகுதான் கூட யார் வர்றாங்கன்னே தெரியும். மேலிடத்துல கூப்பிட்டுப் பாராட்டினாங்க." பிறகு குரலை இறக்கினார். "பஸ் மதியம் கிளம்புது. அதுக்குள்ள நீங்க ஆளைப் பிடிச்சுக் கொடுக்கணும். இல்லேன்னா நான் அந்த ரெண்டு பேரையும் போலீஸ்ல ஒப்படைக்கிறதைத் தவிர வேற வழியில்ல. எனக்கும் மேல பதில் சொல்லணும் பாருங்க."

*

தையல்காரம்மா மருத்துவ அறைக் கட்டிலில் கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தலைமாட்டில் ஒரு துணிப்பை. அதன் வாயில் நூல்கண்டுகளும் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் தெரிந்தன.

"நூத்தி ரெண்டு" என்றார் நர்ஸ், வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே. "இந்த நிலையில நான் எப்படிப் பயணத் தகுதிக்குக் கையெழுத்துப் போடறது?"

அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் கண் அதற்குள் கட்டிலுக்கடியில் போயிருந்தது. அங்கே ஒரு பிளாஸ்க் இருந்தது. கையில் எடுத்துக் குலுக்கினார். பாதிக்கு மேல் காலி.

நர்ஸை வேறு ஒரு நோயாளி கூப்பிட, அவர் அந்தப் பக்கம் போனார்.

"வெந்நீரை ரொம்பச் சூடாக் குடிக்காதம்மா, நாக்கு வெந்துடும்" என்றார் அத்தை மெதுவாக.

தையல்காரம்மா கண்ணைத் திறந்தாள்.

"தொண்டை கரகரன்னு..."

"காய்ச்சல் வாயில இருக்கு, கழுத்துல இல்லையே. இவருக்கும் இதே காய்ச்சல்தான் வரும். வேலைக்குப் போயிட்டிருந்த காலத்துல திங்கட்கிழமை தவறாம வரும்."

"அத்தை, அதை ஏன் இங்க..." என்று நெளிந்தார் மாப்பிள்ளை.

"யாராவது உன்னை மிரட்டறாங்களாம்மா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"போகப் பிடிக்கலையா?"

"பிடிக்காமயாம்மா ஒம்போது வருஷமா கூடாரத்துல கிடந்தேன்?" அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "மழை வந்தா மிஷினை மடியில தூக்கி வெச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பேன். ஒரு நாளாவது கதவு இருக்கிற வீட்டுல தூங்கணும்னு நெனச்சதுதான்."

"இதுதான் கடைசி விமானம்னு தெரியுமா?"

"தெரியும்." கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை. "பரவாயில்லம்மா. என்னை முகாமுக்கே அனுப்பிடச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "போகணும்னு ஆசையும் இருக்கு, போக மாட்டேன்னு பிடிவாதமும் இருக்கு. என்ன கேஸ் அத்தை இது?"

"நடங்க மாப்பிள்ளை. விரலைப் பாப்போம்."

*

ஆண்கள் பகுதித் தாழ்வாரத்தில் எலக்ட்ரீஷியன் ஒரு சுவிட்ச் பலகையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலேயே செய்கிற வேலை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஸ்குரு டிரைவர் இடது கையில். வலது கட்டைவிரலின் தோல் வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"முகாம்ல வயரிங் வேலைங்க. நாளாக நாளாகத் தேஞ்சு போச்சு" என்றான், கேட்பதற்கு முன்பே.

"மத்த விரலெல்லாம் சும்மா வேடிக்கை பாத்துதாப்பா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பின்வாசல் வரை நடந்து போய், சிமெண்ட் படியின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். விரல்நுனியில் காய்ந்த ரத்தத் துகள். அத்தையிடம் காட்டினார். அத்தை பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்காகப்பா இப்படி உன்னையே தேய்ச்சுக்கறே?"

"யாருக்காகவும் இல்லீங்க. எனக்கு யாரும் இல்ல. ஃபைல்லயே இருக்குமே."

அவன் போட்டிருந்தது பழைய கோடு போட்ட சட்டை. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தாலும் தையல் நேர்த்தியாக இருந்தது. அதில் ஏதோ ஒன்று மாப்பிள்ளையின் கண்ணை உறுத்தியது. இரண்டு முறை பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

"என்னப்பா, சட்டைப்பை வலது பக்கம் இருக்கு? டெய்லர் கண்ணாடியைப் பாத்துத் தைச்சுட்டாரா?"

அவன் கை தன்னையறியாமல் அந்தப் பையின் மேல் போனது. அதுவரை உம்மென்று இருந்த முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எனக்கு இப்படித்தாங்க வசதி. இடது கையால சட்டுனு எடுக்கலாம்."

அப்போது மணி அடித்தது. எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு டீக்கு வந்தாக வேண்டும். டீ முக்கியமில்லை, வார்டன் தலை எண்ண வேண்டும். காய்ச்சல்காரருக்கும் விதிவிலக்கு இல்லை.

*

நீளமான மேசை. இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். வாரக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்கள் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. அந்த ஊரில் குளிர் தாங்குமா, இந்த பிஸ்கட்டைக் கொண்டு போகலாமா, யார் ராத்திரி குறட்டை விட்டது என்று ஒரே இரைச்சல். தையல்காரம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுவில் இருந்தாள். எலக்ட்ரீஷியன் அதே வரிசையில், மூன்று பேர் தள்ளி.

தட்டிலிருந்து டீக்கோப்பைகளை எடுத்து ஒருவருக்கொருவர் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா தன்னிடம் வந்தவற்றை அடுத்த ஆளிடம் தள்ளிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் கவனம் பிஸ்கட் தட்டில் இருந்தது. அது நெருங்கி வரும் நேரத்தில் அத்தை அவர் காலை மிதித்தார்.

"ஆ! என்ன அத்தை?"

"பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"பாத்தேன். தீந்து போச்சு."

"பிஸ்கட்டைச் சொல்லலை. வெளிய வாங்க."

தாழ்வாரத்தின் கோடியில் யாரும் இல்லாத படிக்கட்டில் அத்தை உட்கார்ந்தார். மூட்டுவலிக்காரர், அவ்வளவு சுலபத்தில் தரையில் உட்கார மாட்டார்.

"அந்தப் பொண்ணு எல்லாக் கோப்பையையும் வந்தபடியே தள்ளிவிட்டா. அவனுக்குப் போற கோப்பையை மட்டும் கைப்பிடியைத் திருப்பி இடது பக்கம் வெச்சு அனுப்பினா. அவன் பக்கம் தலையைக்கூடத் திருப்பலை. கை தானாத் திருப்புது. அவன் இடதுகைக்காரன்னு அவளுக்கு யார் சொன்னது?"

மாப்பிள்ளை வாயைத் திறந்து மூடினார். "சட்டைப்பை!"

"அதேதான். கடையில வாங்கின சட்டையில பை அந்தப் பக்கம் வராது. இவன் கை வாகு தெரிஞ்சு யாரோ உக்காந்து தைச்சிருக்காங்க."

"அக்கா தம்பியா இருக்கலாமே?"

"அக்கா தம்பின்னா எதுக்கு மறைக்கணும்? ஃபைல் போடும்போதே அதுல ஏறியிருக்குமே. அப்புறம் இன்னொண்ணு. அந்தக் கூடத்துல எல்லாரும் எல்லாரையும் பாத்தாங்க, பேசினாங்க. இவங்க ரெண்டு பேர் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் ஏறிட்டே பாக்கலை. முன்ன பின்ன தெரியாதவங்க நல்லாப் பாப்பாங்க மாப்பிள்ளை. ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு அப்படிப் பாக்காம இருக்கறதுக்கு ரொம்ப நாள் பழகியிருக்கணும். நேத்து ராத்திரி சாப்பிடும்போது நீங்களும் என் பொண்ணும் இருந்தீங்களே, அந்த மாதிரி."

மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. "அப்ப... புருஷன் பெண்டாட்டி!"

"முகாமுக்கு வந்து ஃபைல் போட்ட பிறகு கல்யாணம் பண்ணியிருக்காங்க. வெளிய சொன்னா என்ன ஆகும்?"

"ரெண்டு ஃபைலும் முதல் மேசைக்குப் போகும். இன்னும் ஒரு ஒம்போது வருஷம்."

"அதான் வாயை மூடிக்கிட்டாங்க. எப்படியாவது ஒரே விமானத்துல இடம் கிடைக்கும், அந்த நாட்டுல போய் இறங்கின பிறகு சொல்லிக்கலாம்னு. ஆனா கிடைக்கலை. அவளுக்கு இடம் வந்தப்ப அவனுக்கு வரலை. காய்ச்சல். அவனுக்கு வந்தப்ப அவளுக்கு வரலை. விரல். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் போக மாட்டேங்கறாங்க."

மாப்பிள்ளையும் படியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி அத்தை. ஒண்ணு மட்டும் இடிக்குது. இன்னைக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே விமானம் ஆச்சே! கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த கணக்கா இல்ல இருக்கு? சிரிச்சுக்கிட்டே ஏறி உக்கார வேண்டியதுதானே? எதுக்கு இவ வாயைச் சுட்டுக்கறா, அவன் விரலைத் தேய்ச்சுக்கறான்?"

அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அது இடிக்கிறது என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது. சூழ்நிலையை லேசாக்க எதையாவது சொல்லி வைப்போம் என்று சொன்னார்:

"இந்த ஆபீஸ்ல எதுவும் உருப்படியா நடக்கலை. நடந்த ஒரே உருப்படியான காரியம் அந்த ரகசியம் காக்கறதுதான்."

அத்தை சடாரென்று அவர் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை! அவங்களுக்குத் தெரியாது."

"எது?"

"நேத்து சாயங்காலம் அவளைத் தனியாக் கூப்பிட்டு, உனக்கு நாளைக்குப் பயணம்னு சொல்லியிருக்காங்க. அவனையும் தனியாக் கூப்பிட்டு அதையே சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் பேசிக்க முடியாது. பேசினா பயணம் ரத்து, அதுக்கும் மேல வேஷம் கலைஞ்சுடும். ரெண்டு தடவையும் ஒருத்தருக்குத்தான் இடம் வந்துது. இந்தத் தடவையும் அப்படித்தான்னு நெனச்சுட்டாங்க. அவன் இங்கயே கிடக்கப் போறான்னு அவ நெனச்சுட்டிருக்கா. அவ கிடக்கப் போறான்னு அவன்."

இரண்டு பேருக்கும் ஒரே விமானத்தில் இடம் இருக்கிறது. ஒருவருக்காக ஒருவர் அதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இப்பவே ஓடிப்போய்ச் சொல்லிடறேன்" என்று எழுந்தார்.

"உக்காருங்க. நம்மைத் துறை கூட்டிட்டு வந்திருக்கு. நாம போய், உன் புருஷனும் வர்றான்னு சொன்னா, ஏமாத்தி ஏத்தப் பாக்கறாங்கன்னுதான் நெனப்பா. நமக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சேன்னு பயந்து ரெண்டு பேரும் சுத்தமாக் கழண்டுப்பாங்க. இது அந்த இயக்குநர் வாயிலிருந்தே வரணும்."

"அவர் வாயைத் திறக்க மாட்டாரே. சீர்திருத்தம் ஆச்சே!"

"திறப்பார்" என்றார் அத்தை. "முப்பது வருஷம் அதிகாரிங்க கூட வேலை பாத்திருக்கேன். அவங்ககிட்ட ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்னா கேக்கக் கூடாது. தப்பாச் சொல்லணும்."

*

இயக்குநர் அறையில் தையல்காரம்மா ஒரு சுவரோரம், எலக்ட்ரீஷியன் எதிர்ச் சுவரோரம். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சாச்சா மேடம்?"

"பாதி கண்டுபிடிச்சாச்சு சார். ஆனா உங்க ஆபீஸ்ல ஒரு குளறுபடி." அத்தை கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "இந்தம்மாவுக்கு இன்னைக்கு விமானம். இந்தத் தம்பிக்கு இன்னைக்கு இல்ல. அப்படி இருக்கும்போது இவர் விரலை எதுக்கு இன்னைக்குப் பாத்தீங்க?"

"குளறுபடியா? என் ஆபீஸ்லயா?" இயக்குநரின் முகம் சிவந்தது. "என்ன மேடம் பேசறீங்க! யார் உங்களுக்குச் சொன்னது? ரெண்டு பேருக்கும் இன்னைக்குத்தான். ஒரே விமானம். ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை! நானே பாத்துப் போட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

தையல்காரம்மா தலையைத் தூக்கினாள். அந்த விடுதிக்கு வந்த நாளிலிருந்து பார்க்காத முகத்தை நேராகப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவள் போர்வை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எங்கே இரண்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போகிறதோ என்று மாப்பிள்ளை பதறினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார்.

"அம்மா, காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?"

"விட்டுடுச்சுங்க" என்றாள் அவள். "சுத்தமா விட்டுடுச்சு!"

நர்ஸ் வந்தார். தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்து எடுத்தார். "இவ்வளவு வேகமா இறங்கி நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

விரல்தான் பிரச்சினை ஆனது. மெஷினில் வலது கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்பு. எலக்ட்ரீஷியனுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்வாசல் படியில் அவ்வளவு மும்முரமாகத் தேய்த்தவன், இப்போது அந்த விரலைப் பார்த்துக் கண் கலங்கினான்.

"நான் என்ன செய்ய முடியும்? ரேகை விழாம அனுப்ப முடியாது" என்றார் இயக்குநர். "இந்தம்மா மட்டும் ஏறட்டும்."

தையல்காரம்மாவின் கை தொண்டைக்குப் போனது. காய்ச்சல் திரும்பி வர அதிக நேரம் ஆகாது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

"முகாம்ல பதிஞ்சப்ப எத்தனை விரல் எடுத்தாங்க சார்?" என்றார் அத்தை.

"பத்தும்தான்."

"அப்ப மெஷினுக்குப் பத்து விரலையும் தெரியும்."

"தெரியும். ஆனா வழக்கமா வலது கட்டைவிரலைத்தான் வைக்கிறது."

"விதியா, வழக்கமா?"

இயக்குநர் யோசித்தார். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "விதியில... ஏதாவது ஒரு விரல்னுதான் இருக்கு."

"தம்பி இடதுகைக்காரர். தன் விரலைத் தானே... வேலை செஞ்சு தேய்ச்சுக்கும்போது, சாமானைப் பிடிச்ச கை பத்திரமாத்தான் இருக்கும். இடது கட்டைவிரலை வை தம்பி."

அவன் வைத்தான். சிவப்பு.

அவன் விரலைச் சட்டையில், வலப்பக்கத்துப் பையின் மேல் அழுத்தித் துடைத்தான். மறுபடி வைத்தான்.

பச்சை.

"அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொன்னது இயக்குநர்தான்.

*

பஸ் கிளம்பத் தயாராக நின்றது. மாப்பிள்ளை அந்த இடைவெளியில் ஓரமாகப் போய் மோட்டார் பழுது பார்க்கிறவரைப் போனில் பிடித்தார். திரும்பி வரும்போது இயக்குநர் அத்தையைக் குடைந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ஏறிட்டாங்க, சந்தோஷம். ஆனா குற்றவாளி யாரு மேடம்? மேலிடத்துக்கு நான் எழுதணுமே!"

"எழுதிக்குங்க. இதுக்கெல்லாம் காரணமான ஆளுங்க இன்னைக்கே நாட்டை விட்டு வெளியேறிட்டாங்க. இனிமே உங்க இருக்கை காலியாப் போகாது."

"வெளியேறிட்டாங்களா! நாம நெருங்கறது தெரிஞ்சு ஓடிட்டாங்க போல." இயக்குநருக்கு வாயெல்லாம் பல். வழியனுப்ப பஸ்ஸுக்குள்ளேயே ஏறினார். எலக்ட்ரீஷியன் கடைசி வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தான். தையல்காரம்மா முன் வரிசையில் ஜன்னலோரம், துணிப்பையை மடியில் வைத்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இரக்கம் பொங்கிவிட்டது.

"தம்பி, இங்க வா. இந்தம்மா ஒண்டியாப் போறாங்க. முன்ன பின்ன தெரியாத ஊரு. விமானத்துலயும் பக்கத்து இருக்கைதான். இப்பவே பக்கத்துல வந்து உக்காரு. போய்ச் சேர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோ, என்ன?"

எலக்ட்ரீஷியன் வந்து உட்கார்ந்தான்.

"பாத்துக்கறேங்க சார்."

தையல்காரம்மா அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. துணிப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"பயப்படாதம்மா" என்றார் இயக்குநர் அவள் தலைக்கு மேலே. "நல்ல பையனாத்தான் தெரியறான்."

அவர் இறங்கினார். பஸ் நகர்ந்து, வெளிவாசலில் காவலாளி கதவைத் திறப்பதற்காக நின்றது. மாப்பிள்ளை நின்ற இடத்திலிருந்து ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் அவள் தலை அவன் தோளில் சாய்ந்துவிட்டது. பை வைத்துத் தைத்த வலப்பக்கம். அவன் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. இயக்குநர் டாட்டா காட்டுவதற்காகப் பஸ் பக்கம் திரும்பினார்.

அத்தை மூச்சை உள்ளே இழுத்தார்.

"சார்!" மாப்பிள்ளை பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார். "உங்க சீர்திருத்தம் இருக்கே, அந்த ரகசியம் காக்கறது... அதை எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க சார். அசந்து போயிட்டேன். எப்படித்தான் யோசிச்சீங்களோ!"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. பஸ்ஸுக்கு முதுகைக் காட்டியபடி, கையை ஆட்டி ஆட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் வார்டன் தனியறைக்குக் கூப்பிடும் இடத்துக்கு வந்தபோது, காவலாளி கதவைத் திறந்துவிட பஸ் தெருவில் திரும்பிப் போய்விட்டது.